பெட்ரோல் மீட்டர் பழுதா? மாற்றுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்!

காஞ்சிபுரம் வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நெல் பயிரிடப்படுகிறது. ஏரிப் பாசனத்துடன் கிணற்று வசதியும் உள்ள ஊர்களில் கத்தரி, வெண்டை, கீரை ஆகியவையும் சாகுபடியாகின்றன. விளைந்த காய்கறியை விடியற்காலையில் சந்தைக்குக் கொண்டு சேர்க்க, பழைய கார் அல்லது ஜீப் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்திருக்கும் விவசாயிகள் உண்டு. அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்றுவிட்டது. காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் இடைப்பட்ட வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு கார்கள் அதற்கும் முன்பே நின்றுவிட்டன. ஆயினும் நன்கு பராமரிக்கப்பட்ட பழைய வண்டிகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு, பெட்ரோல் மீட்டர் சரியாகக் காட்டாமல் போவது ஆகும். வண்டி ஓடுவதால் பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இதனால் ஏற்படும் நட்டம் சிறியதன்று.

எடுத்துக்காட்டாக, வாலாஜாபாத் பக்கத்து விவசாயி ஒருவர் நான்கு மூட்டை கத்தரிக்காயை ஏற்றிக்கொண்டு அதிகாலையில் காஞ்சிபுரம் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் முள் அரை டேங்க் காட்டுகிறது. டேங்கின் கொள்ளளவு 40 லிட்டர் என்றால் 20 லிட்டர் இருக்க வேண்டும். பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது. டேங்கில் பெட்ரோல் இல்லை. கேன் எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்க் போய்த் திரும்புவதற்குள் காலை வியாபாரம் முடிந்துவிடுகிறது. வாடிய காயை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதாகிறது. மறுநாள் கடையில் புது மீட்டர் வாங்கிப் பொருத்துகிறார். அதுவும் அரை டேங்கே காட்டுகிறது! மீட்டருக்குக் கொடுத்த பணமும் வீண், கூலியும் வீண்.

பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளி தறியை மாற்றுவதில்லை. எந்த இழை, எந்த இடத்தில் அறுந்தது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் முடிச்சுப் போடுகிறார். பெட்ரோல் மீட்டர் பழுதையும் அப்படியே கண்டறிய வேண்டும். செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவு பிடிப்பவற்றைக் கடைசியிலும் வைத்து, டேங்கிலிருந்து டேஷ்போர்டு வரை முறையாகப் பார்த்து வந்தால் கோளாறு எங்கே என்பது தெரிந்துவிடும்.

மீட்டர் எப்படி வேலை செய்கிறது?

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து ஒன்று இருப்பதைப் பலரும் பார்த்திருக்கலாம். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், இறங்கினால் இறங்கும். காரின் பெட்ரோல் டேங்கிலும் இதேபோல் ஒரு மிதவை உள்ளது. மிதவையுடன் இணைந்த கம்பிக்கை, மெல்லிய கம்பி சுற்றப்பட்ட ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டு மேலும் கீழும் நகரும். இந்த அமைப்பை மெக்கானிக்குகள் 'டேங்க் யூனிட்' என்பார்கள்.

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் சாவி, பியூஸ் வழியாக மீட்டருக்கு வந்து, அங்கிருந்து ஒரே ஒரு ஒயர் மூலம் டேங்க் யூனிட்டை அடைகிறது. பின்னர் வண்டியின் பாடி வழியாக மீண்டும் பாட்டரிக்குத் திரும்புகிறது. பாடி வழியாகத் திரும்பும் இந்தப் பாதைதான் 'எர்த்'. பெட்ரோல் அளவுக்கேற்ப மிதவை நகரும்போது, சுற்றுக்கம்பியின் எந்த அளவு வழியாக மின்சாரம் பாய வேண்டும் என்பது மாறுகிறது. அதற்கேற்ப மின்தடை கூடும் அல்லது குறையும். மீட்டர் முள் அதைக் காட்டுகிறது.

ஆக, மீட்டர், ஒயர், டேங்க் யூனிட், எர்த் ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் முள் உண்மை பேசும். இவற்றில் மீட்டர் கெடுவது குறைவு. ஈரமும் துருவும் தாக்கும் எர்த், ஒயர், டேங்க் யூனிட் ஆகியவையே பெரும்பாலும் கெடுகின்றன.

பழைய கார்களில் இரண்டு வகை மீட்டர்கள் உண்டு. சாவியைப் போட்டவுடன் முள் சட்டென்று ஏறினால் அது காந்தச் சுருள் வகை. முள் மெதுவாக, சில வினாடிகள் எடுத்துக்கொண்டு ஏறினால் அது சூடேறும் தகடு வகை. இரண்டாவது வகையில் பெரும்பாலும் 'ஸ்டெபிலைசர்' என்ற சிறு கருவி இருக்கும். பாட்டரி மின்சாரம் ஏறி இறங்கினாலும் மீட்டருக்குச் சீரான மின்சாரம் கிடைக்கச் செய்வது இதன் வேலை. பெட்ரோல் மீட்டர், எஞ்சின் சூடு காட்டும் மீட்டர் இரண்டுக்கும் இந்த ஒன்றே மின்சாரம் கொடுப்பது வழக்கம்.

அறிகுறிகள்

முள் நடந்துகொள்ளும் விதத்தைக் கொண்டே பழுதை ஓரளவு ஊகிக்கலாம்.

1. பெட்ரோல் மீட்டரும் சூடு மீட்டரும் ஒரே சமயத்தில் தவறாகக் காட்டினால் டேங்கைத் தொட வேண்டியதில்லை. பியூஸ் அல்லது ஸ்டெபிலைசரைப் பார்க்க வேண்டும்.

2. டேங்க் நிறைந்திருந்தும் முள் எழும்பாமல் காலி என்றே காட்டினால் ஒயர் அறுந்திருக்கலாம், எர்த் போயிருக்கலாம், அல்லது மிதவை ஓட்டையாகி மூழ்கியிருக்கலாம்.

3. எப்போதும் நிறைவு என்றே காட்டினால் ஒயரின் மேலுறை தேய்ந்து பாடியில் உரசிக்கொண்டிருக்கலாம்.

4. அரை டேங்கில் அல்லது கால் டேங்கில் முள் அப்படியே நின்றால் மிதவையின் கம்பிக்கை துருப்பிடித்து இறுகியிருக்கலாம். எர்த் அரைகுறையாக இருந்தாலும் இப்படி நேரும்.

5. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் இடம் மாறினால் எர்த் சரியில்லை என்று அறியலாம்.

6. குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்ததும் முள் துள்ளினால் டேங்க் யூனிட்டின் சுற்றுக்கம்பி அந்த இடத்தில் தேய்ந்திருக்கலாம். வளைவில் திரும்பும்போது முள் சற்று ஆடுவது பழைய வண்டிகளில் இயல்பே. அது பழுதன்று.

இரண்டாவது, மூன்றாவது அறிகுறிகள் சில வண்டிகளில் தலைகீழாக இருக்கும். ஒயர் அறுந்தால் நிறைவு என்று காட்டும் மீட்டர்களும் உள்ளன. எனவே அறிகுறியை மட்டும் நம்பிப் பொருள் வாங்காமல், கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்ய வேண்டும்.

சோதனைக்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு பரவிப் பள்ளத்தில் தங்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். ஆகையால் வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும். வைக்கோல் போர், அடுப்பு, மோட்டார் கொட்டகை ஆகியவற்றின் அருகில் இந்த வேலை கூடாது. பீடி, சிகரெட் கூடவே கூடாது. தீக்குச்சியைக் கொளுத்தி டேங்கில் எட்டிப் பார்த்து உயிரிழந்தவர்கள் உண்டு.

ஒவ்வொரு இணைப்பையும் சாவியை அணைத்த நிலையிலேயே கொடுக்க வேண்டும், எடுக்க வேண்டும். இணைத்து முடித்து, விலகி நின்ற பிறகே சாவியைப் போட வேண்டும். இவ்வாறு செய்தால் டேங்க் அருகே பொறி தோன்ற வாய்ப்பில்லை.

இச்சோதனைகள் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். டேங்குக்குள் மின்சாரப் பம்பு உள்ள கார்களிலும், கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களிலும் இவற்றைச் செய்யக் கூடாது. இரண்டு அடி நீளமுள்ள ஒயர், உப்புத்தாள், 12 வோல்ட் டெஸ்ட் பல்ப், உதவிக்கு ஓர் ஆள் ஆகியவை போதும். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

சோதனை 1: பியூஸ்

பியூஸைக் கழற்றிப் பார்க்கவும். கருகியிருந்தால் அதே அளவுள்ள பியூஸ் போட வேண்டும். செம்புக்கம்பியைச் சுற்றிப் போடுவது வண்டிக்கே தீ வைப்பதற்குச் சமம். பியூஸ் நன்றாக இருந்தாலும் அதன் முனைகளில் பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்க வேண்டும்.

சோதனை 2: எர்த்

இதுவே மிக முக்கியமான சோதனை. பழைய கார்கள் பலவற்றில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் இருக்கும். டேங்க் அசையாமல் இருக்க ரப்பர் பட்டை கொடுத்திருப்பார்கள். மழைநீரும் சேறும் பட்டு, டேங்கைப் பிடிக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்தால் டேங்குக்கும் பாடிக்கும் மின்தொடர்பு அற்றுவிடும். பெயிண்ட் அடித்தபின் மீட்டர் வேலை செய்யாமல் போவதற்கும் இதுவே காரணம்.

சாவியை அணைத்துவிட்டு, இரண்டு அடி ஒயரின் ஒரு முனையை டேங்க் யூனிட்டின் உலோக மூடியில் துரு நீக்கிய இடத்திலும், மறுமுனையைப் பாடியில் சுத்தமான உலோகத்திலும் இறுக்கமாக இணைக்க வேண்டும். பின் சாவியைப் போட்டுப் பார்க்க வேண்டும். முள் சரியாகக் காட்டினால் எர்த்துதான் கோளாறு. அந்த ஒயரையே போல்ட் வைத்து நிரந்தரமாகப் பொருத்திவிடலாம். வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சோதனை 3: டேங்க் பக்கம்

எர்த் சரியாக இருந்தும் மீட்டர் காட்டவில்லையானால், சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டுக்கு வரும் மீட்டர் ஒயரைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்குக்கு ஒரு ஒயரும், எர்த்துக்கு ஒரு ஒயரும் தனியே இருக்கும். எது எங்கே இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொண்டு கழற்றுவது நல்லது.

கழற்றிய ஒயர் எதன்மேலும் படாதவாறு வைத்துச் சாவியைப் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பின் சாவியை அணைத்து, அந்த ஒயரை நீட்டு ஒயர் மூலம் டேங்கிலிருந்து தள்ளிப் பாடியில் இணைத்து, மீண்டும் சாவியைப் போட வேண்டும். முள் நகர்ந்து மறுமுனையை நெருங்கியதும் உடனே சாவியை அணைத்துவிட வேண்டும். நீண்ட நேரம் விட்டால் சூடேறும் தகடு வகை மீட்டர் கெட்டுவிடும்.

இரு நிலைகளிலும் முள் எதிரெதிர் முனைகளுக்குப் போனால் மீட்டரும் ஒயரும் நன்றாக உள்ளன என்று பொருள். பழுது டேங்க் யூனிட்டில்தான். எந்த நிலையில் காலி, எந்த நிலையில் நிறைவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முள் இரு முனைகளுக்கும் போகிறதா என்பதே கேள்வி.

சோதனை 4: மீட்டர் பக்கம்

முள் அசையவே இல்லையானால், டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரிலிருந்து டேங்குக்குப் போகும் ஒயரைக் கழற்றி, அந்த முனையில் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இங்கே முள் அசைந்தால் மீட்டர் நல்லது. இடையிலுள்ள ஒயர்தான் அறுந்திருக்கிறது. வைக்கோல் போர், நெல் மூட்டை ஆகியவற்றின் அருகே நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடித்துவிடுவது சாதாரணமாக நடக்கும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளில் ஒயர் இணைப்புகள் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருக்கும். அறுந்த இடம் தெரியாவிட்டால் புதிதாக ஒரு ஒயர் இழுத்துவிடலாம்.

இங்கும் முள் அசையவில்லையானால், மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் பல்பால் பார்க்க வேண்டும். மின்சாரம் வந்து, மீட்டரின் எர்த்தும் சரியாக இருந்து, அப்போதும் முள் அசையாமல் இருந்தால்தான் மீட்டர் பழுது என்று முடிவு செய்ய வேண்டும். புது மீட்டர் வாங்கும் கட்டம் இதுதான். அதற்கு முன்பு அல்ல.

புது மீட்டரும் டேங்க் யூனிட்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒரு வண்டியின் மீட்டருடன் வேறு வண்டியின் யூனிட்டைச் சேர்த்தால் இரண்டும் நல்லவையாக இருந்தும் முள் தவறாகவே காட்டும். பழைய பாகத்தைக் கையில் எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குவது நலம்.

டேங்க் யூனிட்டைக் கழற்றும்போது

பாட்டரியின் மைனஸ் இணைப்பை முதலில் எடுத்துவிட வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது இந்த வேலையைச் செய்ய வேண்டும். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்ற வேண்டும். இல்லையேல் மண் டேங்கில் விழுந்து கார்புரேட்டரை அடைக்கும்.

வெளியே எடுத்த யூனிட்டின் மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கவும். உள்ளே தளதளவென்று சத்தம் கேட்டால் மிதவை ஓட்டை. அதற்குச் சாலிடர் வைப்பது ஆபத்து. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி சூட்டில் வெடிக்கக்கூடும். புது மிதவை போடுவதே பாதுகாப்பு. காலியான பெட்ரோல் டேங்கையும் இதே காரணத்தால் பட்டறையில் நெருப்புக் காட்டி அடைக்கச் சொல்லக் கூடாது. நிறைந்த டேங்கைவிட, ஆவி நிரம்பிய காலி டேங்கே எளிதில் வெடிக்கும்.

மிதவை நன்றாக இருந்தால், யூனிட்டை டேங்கை விட்டுத் தள்ளி எடுத்துச் சென்று, மல்டிமீட்டரை ஓம்ஸ் அளவில் வைத்துக் கம்பிக்கையை மெதுவாக அசைக்க வேண்டும். எண்கள் சீராக ஏறி இறங்கினால் யூனிட் நல்லது. இடையில் துண்டித்துக் காட்டினால் சுற்றுக்கம்பி தேய்ந்துவிட்டது என்று அறியலாம். திரும்பப் பொருத்தும்போது கேஸ்கட்டைப் புதிதாகப் போட வேண்டும். தற்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர், கார்க் பாகங்கள் விரைவில் கெடக்கூடும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. ஆகவே பல நாட்கள் ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு ஏற வாய்ப்புண்டு.

பழைய டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

மேற்கூறிய சோதனை முறை டீசல் மீட்டர் உள்ள பழைய டிராக்டர்களுக்கும் பொருந்தும். டிராக்டரின் அதிர்வினால் எர்த் போல்ட் தளர்வதே அங்கு முதற்காரணம். டீசல் முற்றிலும் தீர்ந்துவிட்டால் டிராக்டருக்குக் காரைவிடத் தொல்லை அதிகம். குழாயில் காற்றுப் புகுந்துவிடும். டீசல் ஊற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஏரித் தண்ணீர் முறை வைத்துக் கிடைக்கும் நாளில், சேற்றுழவுக்கு நடுவே வண்டி நின்றால் அரை நாள் வீணாகும். தண்ணீர் முறை தவறினால் நடவும் தள்ளிப்போகும். மாலையில் வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். இரவில் டேங்கினுள் நீர் கோர்ப்பதும் குறையும்.

பழுது பார்க்கும் வரை

டிராக்டர் டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக டீசல் ஊற்றி, சுத்தமான மூங்கில் குச்சி ஒன்றில் கோடு போட்டு வைத்துக்கொள்ளலாம். வாடகை வண்டி ஓட்டும் ஊர்களில் இக்குச்சி கணக்குக்கும் உதவும். காரில் டேங்க் வாய் வளைந்திருப்பதால் குச்சி போகாது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். லிட்டருக்கு 10 கி.மீ. ஓடும் கார் என்றால், 15 லிட்டர் போட்டபின் 100 கி.மீ. ஆனதும் மறுபடி போட்டுவிடலாம். காஞ்சிபுரத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 75 கி.மீ. என்பதால், போய்வர 15 லிட்டர் வேண்டும் என்பதையும் இக்கணக்கே சொல்லிவிடும். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை போன்ற நாட்களில் வண்டிகள் ஊர்ந்து செல்வதால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். அன்று சற்று அதிகமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

மீட்டரைச் சரிசெய்த பிறகும், குறைந்த அளவிலிருந்து ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்து டேஷ்போர்டில் ஒட்டி வைப்பது பயன் தரும். பழைய மீட்டர் எதுவும் துல்லியமாகக் காட்டுவதில்லை. அது எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் அதுவே போதும்.

முதலில் சொன்ன கத்தரிக்காய் விவசாயி, புது மீட்டர் வாங்குவதற்கு முன் இரண்டாவது சோதனையைச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? துருப்பிடித்த போல்ட் ஒன்றும் எர்த் இல்லாத டேங்கும் கண்ணில் பட்டிருக்கும். ஒரு துண்டு உப்புத்தாளும் இரண்டு அடி ஒயருமே செலவாகியிருக்கும். எனவே பழைய வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் பாகங்களை மாற்றுவதற்கு முன், எர்த், ஒயர், டேங்க் யூனிட், மீட்டர் என்ற இந்த வரிசையில் சோதித்துப் பார்த்து, வீண் செலவையும் வழியில் நிற்கும் தொல்லையையும் தவிர்த்துப் பயன் பெறலாம்.